ஆறு பட்டன் போதும்

"எத்தனை பட்டன் வரைக்கும் சமாளிச்சிருவிய சார்?" என்று ஜெபராணி கேட்டாள். ரிமோட் விற்கிற பெண் ரிமோட் வாங்க வந்தவரிடம் கேட்கக்கூடாத கேள்வி இல்லை அது. சட்டைக்கடையில் கழுத்தளவு கேட்பதில்லையா, அந்த மாதிரிதான். ஆனாலும் ஆவுடைநாயகத்துக்குச் சுருக்கென்று தைத்தது. சமாளிப்பது என்றால் என்ன, முழங்கால் போனவர்கள் படி ஏறுவதையும் பல் போனவர்கள் முறுக்குத் தின்பதையும்தானே அப்படிச் சொல்வார்கள், நாம் அந்த வரிசையிலா வந்துவிட்டோம், வந்துவிட்டோம் போலத்தான் இருக்கிறது, இல்லாவிட்டால் காலை பதினோரு மணிக்கு வண்ணார்பேட்டை வைரம் எலக்ட்ரானிக்ஸில் எதற்காக நிற்கிறோம், அதுவும் வீட்டில் மனைவி வடிவிடம் பேங்குக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு. நவம்பர் மாதம் ஆனதால் அந்தப் பொய்க்கு நல்ல வசதி. பென்ஷன்காரர்கள் எல்லாரும் வருஷத்துக்கு ஒரு முறை போய், நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் ஐயா என்று விரல் வைத்துக் காட்டிவிட்டு வர வேண்டும். உயிர் இருக்கிறது என்பதற்கு ஒரு சர்டிபிகேட் வைத்திருக்கிறார்கள், புத்தி இருக்கிறது என்பதற்கு எந்தக் கவுன்டரில் கொடுப்பார்கள் என்று அவருக்கு ஒரு யோசனை ஓடியது. கண்ணாடி மேசைமேல் மூன்று ரிமோட்டுகள் கிடந்தன. ஒன்று முழங்கை நீளத்தில், ஐம்பது அறுபது பட்டன்களோடு. இன்னொன்றுக்குப் பட்டனே இல்லை, செல்போன் மாதிரி தொட்டால் எரிகிற சின்னத் திரை. மூன்றாவது வெள்ளையாக, குண்டாக, ஆறே ஆறு பட்டன்களோடு, எழுத்துகூட இல்லாமல் படம் போட்டு இருந்தது. பால்வாடிப் பிள்ளைக்குச் செய்ததோ என்று பார்த்தார். "இது பெரியவங்களுக்குன்னே வருது சார், நல்லா போகுது" என்றாள் ஜெபராணி. முப்பது முப்பத்தைந்து வயசு இருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை, பேச்சில் பாளையங்கோட்டை. அவள்மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. அவர் பார்க்கலாம் என்றார்.

அவருடைய வீட்டு ஹோம் தியேட்டரைப் பற்றி இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தாறு வருஷம் வயரோடு வயராகக் கிடந்த மனுஷன், ரிட்டயர் ஆன கையோடு பெருமாள்புரம் வீட்டு முன்னறையில் தன் கையாலேயே சுவரைத் தோண்டிக் குழாய் பதித்து, அஞ்சு ஸ்பீக்கரும் மூலையில் ஒரு பெரிய ஊஃபரும் மாட்டியது அது. ஆள் வைத்துச் செய்யவில்லை. ஊஃபர் உறுமினால் சமையலறையில் எவர்சில்வர் தட்டு அதிரும். வடிவு அங்கிருந்தே "குறைங்க" என்பாள். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே சில நாள் கூட்டி வைப்பார். அதைப் போடுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஆம்ப்ளிஃபயர். அதன் சிவப்பு விளக்கு நீலமாகிற வரைக்கும் பொறுக்க வேண்டும், அவசரப்பட்டால் ஆகாது. அப்புறம் டிவி. டிவி வந்ததும் அதில் இரண்டாம் நம்பர் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கப்புறம் கேபிள் பெட்டி, படத்தகடு போட்டால் பிளேயர். கடைசியில் திரும்ப ஆம்ப்ளிஃபயருக்கு வந்து, எதிலிருந்து சத்தம் எடுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். நாலு ரிமோட், அஞ்சு படி. ஒரு படி தவறினால் படம் வரும், சத்தம் வராது. அல்லது சத்தம் மட்டும் வந்து திரை நீலமாக நிற்கும். எட்டு வருஷமாக அவர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எக்ஸ்சேஞ்ச் சிநேகிதர்கள் மூன்று பேர் வருவார்கள், பழைய படம் ஒன்று ஓடும், இடைவேளைக்கு வடிவு பஜ்ஜி போடுவாள். நாயகம் நாலு ரிமோட்டையும் மடியில் வரிசையாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அமுக்குகிற அழகைப் பார்த்து, ஐயர் மணி ஆட்டுவதுபோல இருக்கிறது என்று ஒருவர் கேலி செய்வார். உள்ளுக்குள் அவருக்குப் பெருமைதான். வீட்டில் வேறு யாருக்கும் போடத் தெரியாது என்பதிலும் பெருமைதான்.

அந்தப் பெருமை போய் இப்போது அஞ்சு வாரம். ஒரு நாள் போட்டார், ஆம்ப்ளிஃபயர் எழுந்திருக்கவில்லை. சரியாக அமுக்கவில்லை போல என்று மறுபடி அமுக்கினார். எழுந்தது. டிவி வந்தது, வழி மாறவில்லை. மாற்றிவிட்டோம் என்றுதானே நினைத்தோம், மாற்றினோமா, மாற்றவில்லையா, கை அமுக்கியதா, அமுக்கப் போகிறோம் என்று மனசு நினைத்ததையே அமுக்கியதாக எடுத்துக்கொண்டோமா. மறுநாள் ஒழுங்காக வந்தது. அதற்கு மறுநாள் மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பித்தும் ஊமைப்படம். ஒரேயடியாகக் கெட்டுப்போயிருந்தால் கெட்டுப்போனது என்று சொல்லியிருப்பார். வருகிற நாள் வருவதும் வராத நாள் வராததும்தான் அவரை அரித்தது. பேட்டரி மாற்றினார், இரண்டு தடவை, உறையை அவிழ்க்காமல் பின்பக்கம் மட்டும் கீறி. வயரை உருவி மாட்டினார். அப்புறம் தொழில் புத்தி வேலை செய்தது. எக்ஸ்சேஞ்சில் பாலபாடம் அது: ஒரு லைன் செத்தால் லைனைப் பார், நாலு லைன் ஒரே நேரத்தில் செத்தால் லைனைப் பார்க்காதே, நாலும் வந்து சேருகிற இடத்தைப் பார். நாலு ரிமோட்டும் ஒரே வாரத்தில் எப்படிக் கெடும், நாலு வேறு கம்பெனி, நாலு வேறு வயசு. நாலுக்கும் பொதுவாக இருக்கிறது எது? என் கை. கைக்குப் பின்னால் என் மூளை. இந்த முடிவுக்கு வந்த அன்றைக்கு அவர் நாற்காலியில் ரொம்ப நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் கோளாறு கண்டுபிடித்துக் கொடுத்த கணக்கு கடைசியில் தன் தலையையே கைகாட்டியது. ஆம்ப்ளிஃபயர் சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று சிநேகிதர்களிடம் சொன்னார். அது முன்னறையிலேயே கிடக்கிறது என்று அவர்கள் பார்த்துவிடக்கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமை வாசல் கதவைச் சாத்தியே வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, அதைக்கூட அவர் ஒழுங்காகச் செய்யவில்லை, அடுத்த வாரம் கேட்டபோது பிளேயர் சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று மாற்றிச் சொல்லிவிட்டார்.

பயம் சும்மா வராது, அதற்கு ஒரு முகம் இருந்தது. பெரியண்ணன் நமச்சிவாயத்தின் முகம். தென்காசியில் ஹெட்மாஸ்டராக இருந்து ஊரையே அதட்டிய அண்ணன், ஒரு நாள் தன் வீட்டுப் பூட்டில் சாவியைப் போட்டுவிட்டு எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நின்றார். எல்லாரும் சிரித்தார்கள், அண்ணனும் சிரித்தார். பிறகு கைக்கடிகாரம் ஃபிரிட்ஜில் கிடந்தது. பிறகு காப்பி குடித்தபின் காப்பி கேட்டார். அதெல்லாம் போகட்டும், தாங்கிக்கொள்ளலாம். கடைசியாகப் போயிருந்த அன்றைக்கு, பிறந்த நாளிலிருந்து "ஏலே ஆவுடை" என்பதைத் தவிர வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டறியாத அண்ணன், நாற்காலியை விட்டு மரியாதையாக எழுந்து, "வாங்க சார், உக்காருங்க, யாரைப் பாக்கணும்?" என்றார். அந்த 'ங்க' இருக்கிறதே, அதை ஆவுடைநாயகத்தால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். அண்ணனுக்கு அப்போது அறுபத்தொன்பது. இவருக்கு வருகிற தையில் அறுபத்தொன்பது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரண்டபிறகு பேய்க்கா பஞ்சம்? சலூனில் குடையை மறந்து வந்தது பேய். எதிர்வீட்டுக்காரரை மாடிவீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது பேய். பதினொரு வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவன் பேர் இரண்டு நாள் வராமல், மூன்றாம் நாள் பல் தேய்க்கும்போது 'குருசாமி' என்று வாயில் நுரையோடு வந்து விழுந்ததே, அது பெரிய பேய். இதையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு வடிவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும். வடிவை ஒரு நாள் 'வாங்கம்மா, யாரைப் பாக்கணும்' என்று கேட்டுவிடுவோமோ என்று நினைக்கும்போது நெஞ்சுக்குள் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி இருக்கும்.

"இத பாருங்க சார்" என்று ஜெபராணி அந்தப் பெரிய ரிமோட்டை எடுத்தாள். இதில் எட்டுச் சாமான் வரைக்கும் ஏற்றலாம், ஆனால் எந்தச் சாமானுக்குப் பேசுகிறோம் என்று முதலில் மேலே ஒரு பட்டனைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை அமுக்க வேண்டும். மறந்துவிட்டால்? "மறந்தா டிவி சத்தத்தைக் கூட்டப் போயி பெட்டியில சேனல் மாறிரும்." வேண்டாம். மறந்தால் என்கிற பேச்சே வேண்டாம். திரை வைத்தது அழகாக இருந்தது, விரலை வைத்து இழுத்தால் படம் படமாக ஓடியது, ஆனால் வாரம் ஒரு முறை சார்ஜ் போட வேண்டுமாம், அமுக்கியது விரலுக்குத் தெரியவும் தெரியாது. அமுக்கினோமா இல்லையா என்கிற சந்தேகத்துக்கு வைத்தியம் தேடி வந்தவன் அதையா வாங்குவான். மிச்சம் அந்த ஆறு பட்டன். "இதுல மேல இருக்கது ஒண்ணை அமுக்குனாப் போதும் சார், நீங்க சொன்ன அஞ்சு வேலையும் அதுவே வரிசையா செஞ்சிரும். சேனல் கூட்ட, குறைக்க, சத்தம் கூட்ட, குறைக்க, கடைசியில அணைக்க. அவ்வளவுதான்." அமுக்கிப் பார்த்தார். கட்டை விரலுக்கு அடியில் டக்கென்று நல்ல சத்தத்தோடு இறங்கியது, அமுக்கினேன் என்று சாட்சி சொல்லுகிற சத்தம். அது அவருக்குப் பிடித்தது. பிடித்ததே கஷ்டமாகவும் இருந்தது. தன் வீட்டு மணியை ஆட்டத் தெரியாத ஐயருக்கு ஆறு பட்டன். இதையும் தப்பாக அமுக்கினால்? அதற்குமேல் ஒளிக்க இடமில்லை. இன்றைக்கு இதை வாங்கிப் போகிறோம், இதிலும் வராவிட்டால் வடிவிடம் சொல்லிவிட வேண்டியதுதான் என்று பஸ்ஸிலேயே தீர்மானம் பண்ணியிருந்தார். அந்தத் தீர்மானம் இப்போது பக்கத்தில் வந்து நின்றது. நின்றதும் உதடு தானாகப் பழைய எஸ்டிடி நம்பர்களை முணுமுணுக்க ஆரம்பித்தது. அஞ்சு வாரமாக அதுதான் அவருக்கு ஜபம், பரீட்சை, மருந்து எல்லாம். கோவில்பட்டி 04632, தென்காசி 04633, அம்பாசமுத்திரம் 04634, சங்கரன்கோவில் 04636, வள்ளியூர் 04637. நடுவே 04635 எந்த ஊர்? மூன்று நாளாக வரவில்லை. அந்த ஊர் எக்ஸ்சேஞ்சுக்கு வேலை விஷயமாக நூறு தடவை போயிருக்கிறார், ரயில் கேட், புளியமரம், டீக்கடை எல்லாம் தெரிகிறது, பேர் மட்டும் பல்லில் சிக்கிய நார் மாதிரி நிற்கிறது. செல்போன் அடித்தது. வடிவு. "எங்க இருக்கிய, பேங்க்ல கூட்டமா?" "ஆமா, கூட்டந்தான். டோக்கன் குடுத்திருக்கான்." "வெயில்ல நிக்காதிய." "உள்ளதான் இருக்கேன்." "என்ன பாட்டுச் சத்தம் கேக்கு?" பின்னால் கடை டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பேங்கிலும் டிவி வைத்திருக்கிறான் என்றார். வடிவு சரி என்று வைத்தாள். பொய் சொல்வதற்காவது மூளை வேலை செய்கிறதே என்று நினைத்தார், அதிலும் சந்தோஷம் இல்லை.

ஜெபராணி அவர் கொண்டுவந்த துணிக்கடைப் பையிலிருந்து பழைய நாலையும் எடுத்து மேசையில் வைத்தாள். நாலும் பாலிதீன் உறைக்குள், முன்பக்கம் மடித்து ரப்பர் பேண்ட் போட்டு, அவர் வழக்கப்படி. "பழசை வச்சித்தான் சார் புதுசுக்குச் சொல்லிக்குடுக்கணும். ரெண்டையும் மூக்கோட மூக்கு வச்சிட்டுப் பழசை அமுக்கினா, புதுசு அதைப் படிச்சிக்கிடும். படிச்சா பச்சை லைட்டு, படிக்கலைன்னா சிவப்பு." ஆம்ப்ளிஃபயர் ரிமோட்டை எடுத்து வைத்தாள். "நீங்களே அமுக்குங்க சார், உங்களுக்குத்தான பட்டன் தெரியும்." அமுக்கினார். சிவப்பு. மறுபடி அமுக்கினார். சிவப்பு. "நல்லா அமுக்குங்க." நகம் வெளுக்க அமுக்கினார். சிவப்பு. டிவி ரிமோட்டை மாற்றி வைத்தாள், அதிலும் சிவப்பு. ஆவுடைநாயகம் விரலை எடுத்தார். பார்த்தாயா, இதுதான், கடைக்காரப் பெண் முன்னால், பட்டப்பகலில், ஒரே ஒரு பட்டன், வரிசை இல்லை, படி இல்லை, ஞாபகம் வைக்க ஒன்றும் இல்லை, அதையும் அமுக்கத் தெரியவில்லை. அண்ணன் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்ற வாசல் இதுதான் போலிருக்கிறது. இனி வீட்டுக்குப் போகும் பஸ் நம்பர் என்ன? தெரிகிறது. தெருப் பேர்? தெரிகிறது. எத்தனை நாளைக்குத் தெரியும்? நாற்காலி இருக்கிறதா என்று கையைப் பின்னால் துழாவினார். "நீ அமுக்கிப் பாரும்மா" என்றார். அவள் அமுக்கினாள். சிவப்பு. அவள் அமுக்கியும் சிவப்பு! அந்தச் சிவப்பை அவர் பார்த்தார், மறுபடி பார்த்தார். "இருங்க சார்" என்று ஜெபராணி தன் செல்போனில் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேராகக் காட்டி அமுக்கினாள். நம் கண்ணுக்குத் தெரியாத ரிமோட் வெளிச்சம் கேமராவுக்குத் தெரியும், ஊதாப் புள்ளியாக மின்னும். ஒன்றும் மின்னவில்லை. சாய்த்து வைத்து அமுக்கினாள், ஓரத்தில் லேசாக ஒரு மினுக்கம் வந்து போனது. ரப்பர் பேண்டைக் கழற்றினாள், உறையை உருவினாள், மூக்கைத் திருப்பித் தன் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், இதுக்கு யாரு இவ்வளவு பெரிய பொட்டு வச்சது?" என்றாள்.

ரிமோட்டின் மூக்கில், வெளிச்சம் புறப்படுகிற அந்தக் கறுப்புக் கண்ணாடியை அடைத்து, கால் விரற்கடை கனத்துக்குச் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. அதன் நடுவில் குங்குமம். ஆவுடைநாயகம் வாங்கிப் பார்த்தார். மற்ற மூன்றையும் உறையிலிருந்து உருவினார். மூன்றின் நெற்றியிலும் அதே சந்தனம், அதே குங்குமம், கோயில் யானைகூடத் தோற்றுப்போகும். யார் வைத்தது என்றா கேட்டாள்? நான் வைத்தேன் அம்மா, நானேதான் வைத்தேன். ஆயுத பூஜை அன்றைக்கு, காலை பத்தரை, ராகுகாலம் முடியட்டும் என்று காத்திருந்து. வேலையில் இருந்த காலத்தில் குறடு, டெஸ்டர், ஏணி, ஜீப் வரைக்கும் ஒன்று விடாமல் பொட்டு வைத்த கை. ரிட்டயர் ஆனபிறகு ஆயுதம் என்று என்ன இருக்கிறது, இந்த நாலுதான், தாம்பாளத்தில் வரிசையாகப் படுக்க வைத்தேன். வழக்கமாக முதுகில்தான் வைப்பேன். இந்த வருஷம்தான், முதுகில் யாராவது பொட்டு வைப்பார்களா, நெற்றியில்தானே வைக்க வேண்டும், இதற்கு நெற்றி எது, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதே அதுதான் என்று யோசித்து வைத்தேன். சந்தனம் வடிவு கரைத்தது, பன்னீர் கூடிப்போய்விட்டது, அதனால் இரண்டாம் தடவையும் கெட்டியாக அப்பினேன். அவள் மாம்பழக் கலர் சேலை கட்டியிருந்தாள். பொரியில் கடலை கம்மி என்று சொன்னேன், அவள் முறைத்தாள். திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்ததில் ஒரு சில்லு எதிர்வீட்டு ஸ்கூட்டர்மேல் விழுந்தது. மறுநாள் டிவியிலும் ஆம்ப்ளிஃபயரிலும் இருந்த பொட்டை ஈரத்துணியால் துடைத்தேன், ரிமோட்டுக்குப் புது உறை போட்டு ரப்பர் பேண்டை இறுக்கினேன், அவ்வளவுதான். பிடித்திருக்கிறவன் கண்ணுக்கு ரிமோட்டின் நெற்றி எப்படித் தெரியும், அது எப்போதும் டிவியைத்தானே பார்த்துக்கொண்டிருக்கும், தன் முதுகு தனக்குத் தெரியாத கதைதான். கை சாய்ந்த நாள் ஓரத்தால் வெளிச்சம் போயிருக்கிறது, சாயாத நாள் ஊமைப்படம். ஆஹா, எல்லாம் இருக்கிறது. கடலை இருக்கிறது, சேலை இருக்கிறது, ஸ்கூட்டர் இருக்கிறது, ஒன்றுகூடக் கழன்று போகவில்லை. நாலு லைனும் சேருகிற இடத்தைப் பார் என்ற பாடமும் சரிதான். சேருகிற இடம் தாம்பாளம் என்பதுதான் தெரியாமல் போயிற்று. அவர் சிரித்தார். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்தது, துடைக்கவில்லை.

ஜெபராணி பஞ்சை நனைத்து நாலு மூக்கையும் துடைத்துக் கொடுத்தாள். கேமராவில் நாலும் பளிச்சென்று மின்னின. "இவ்வளவு பக்தியா இருக்கியளே சார்" என்றாள், "எங்க வீட்லல்லாம் ரிமோட்டுக்கு அடிதான் விழும்." அவர் ஒவ்வொன்றையும் வாங்கி நாலைந்து தடவை அமுக்கி அமுக்கிக் கேமராவில் பார்த்தார், ஊதாப் புள்ளி ஒரு தடவைகூடத் தவறவில்லை. அமுக்கினால் அமுக்கினதுதான். பசித்தது. அஞ்சு வாரத்தில் முதல் முறையாக நிஜமாகவே பசித்தது. வீட்டில் இன்றைக்குச் சொதி, காலையிலேயே வடிவு தேங்காய் உடைத்தாள். 04635 எந்த ஊர் என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தார், இப்போதும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும், எந்த ஊராக இருந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும், நாளைக்கு வரும். "அப்ப புதுசு வேண்டாம்லா சார்?" என்று ஜெபராணி அந்த மூன்றையும் எடுத்து உள்ளே வைக்கப் போனாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். பழையது இருக்கிறது, கை இருக்கிறது, அஞ்சு படியும் தலைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அவள் கையில் அந்த வெள்ளைக் குண்டைப் பார்த்ததும் வேறு ஒரு நினைப்பு வந்தது. இந்த அஞ்சு வாரமும் வடிவு என்ன செய்தாள்? அவர் போடவில்லை, அதனால் அவளும் பார்க்கவில்லை. சாயங்காலம் வந்து சோபாவில் உட்காருவாள், அவர் மடியில் ரிமோட்டை வைத்துக்கொண்டு முழிப்பதைப் பார்ப்பாள், கொஞ்ச நேரத்தில் எழுந்து போய் கீரை ஆய்வாள். எட்டு வருஷமாக அவள் வீட்டில் அவளால் ஒரு பாட்டுப் போட முடிந்ததில்லை. தனக்கு ஒன்று ஆகிவிட்டால் அஞ்சு ஸ்பீக்கரும் ஊமையாகிவிடும் என்று பயந்தவர், அவளுக்கு ஒரு நாள்கூடச் சொல்லிக்கொடுக்க நினைத்ததில்லை. பெருமையாம் பெருமை. தன்னை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. "உள்ள வைக்காதம்மா" என்றார். "அந்த ஆறு பட்டனை மட்டும் எடு. நாலையும் அதுக்குச் சொல்லிக்குடு." மூக்கோடு மூக்கு வைத்தாள். பச்சை. பச்சை. பச்சை. பச்சை. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

அவள் அஞ்சு படியையும் ஒரு பட்டனுக்குள் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அவர் கடை வாசலுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள். "வடிவு, நான் பேங்க்ல இல்ல" என்று ஆரம்பித்தார். எப்படிச் சொல்வது என்று யோசித்தால் சொல்ல வராது என்று தெரிந்து, மூச்சு விடாமல் சொன்னார். அஞ்சு வாரம், ஊமைப்படம், அண்ணன், சாவி, பயம், சந்தனம், குங்குமம் எல்லாம். "எனக்கும் அண்ணனுக்கு வந்தது வந்திட்டோன்னு நெனச்சிட்டேன் வடிவு. அதான் சொல்லல. ஒண்ணுமில்ல, பொட்டுதான். நான் வச்ச பொட்டுதான்." மறுபக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "வியாழக்கிழமைக்கு நரம்பு டாக்டர்ட்ட டோக்கன் போட்டிருக்கேன்" என்றாள் வடிவு. "உங்களுக்குத்தான். எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு தெரியாம, என் முட்டுவலிக்குன்னு சொல்லி இழுத்துட்டுப் போலாம்னு இருந்தேன். ஏதோ நம்பர் நம்பரா வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே இருந்திய. சர்வீசுக்குப் போன சாமான் வீட்டுக்குள்ளேயே கிடக்கு. காலையில பேங்குக்குன்னு பையில ரிமோட்டைப் போட்டுக்கிட்டுப் போறிய. நான் என்னன்னு நெனைக்க? பின்னாலேயே வரலாமான்னு வாசல்ல நின்னேன்." ஆவுடைநாயகம் கடைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். ஒரே சோபாவில் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்து, ஒரே பயத்தை இரண்டு பேரும் தனித்தனியாக முழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். "அழாத, ஒண்ணுமில்லன்னுதான சொல்லுதேன்" என்றார். "அழல" என்றாள். பிறகு, "நெத்தியிலயா வச்சிய? ரிமோட்டுக்கு நெத்தி எங்க இருக்கு?" என்று கேட்டாள், கேட்டுவிட்டு அழுகையோடு அழுகையாகச் சிரிக்க ஆரம்பித்தாள், அவளால் நிறுத்த முடியவில்லை. அவர் அந்தச் சிரிப்பு முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றார். ரோட்டில் பஸ் போனது, ஆட்டோ போனது. "புதுசா ஒரு ரிமோட் வாங்கியிருக்கேன்" என்றார். "பழசுதான் சரியாயிட்டுல்லா, பிறகு எதுக்கு?" "உனக்கு. ஆறு பட்டன்தான். ஒண்ணை அமுக்குனா எல்லாம் வந்திரும்." "எனக்கு எதுக்குங்க?" என்றாள் வடிவு, சாதாரணமாக, எப்போதும் பேசுகிற குரலில். "போட்டுத் தரத்தான் நீங்க இருக்கியள்லா."

அவர் போனைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டார். உள்ளே ஜெபராணி ரெடி சார் என்று கையைக் காட்டினாள்.